தைலச் சட்டிக்கு முன்னால் ஒரு தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகளில் பெருகிவரும் நலவாழ்வு மையங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காரைக்குடியில் சித்த மருத்துவம் பார்த்துவருபவள் என்பதால் உடனே எழுதத் தோன்றியது. முற்றத்துத் தூண்களுக்கு நடுவே விரித்த யோகா பாய்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வரிசையாக வைத்த தைலக் குடுவைகள் என்று படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. பூட்டியே கிடந்த, முற்றம் வைத்த பெரிய வளவு வீடுகளில் மறுபடி விளக்கெரிவதும், கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைப்பதும் எனக்கும் மகிழ்ச்சிதான். கட்டுரையில் என்ன சிகிச்சை, எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்ற விவரமெல்லாம் இருந்தது. சிகிச்சைக்கு முன்னால் வந்தவரிடம் யார் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்தபடியே வந்து, மதுரையிலோ திருச்சியிலோ இறங்கி, அங்கிருந்து காரில் இங்கே வந்து சேர்கிறார். கால் கடுக்கிறது என்கிறார். பயண அலுப்புக்குத் தொக்கணம், அதாவது தைலம் தேய்த்து நீவிவிடுவது, நல்லது என்று உடனே பலகையில் படுக்க வைத்துவிடுகிறார்கள். அவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை சூடாக, தொட்டால் வலிப்பதாக இருந்தால்? ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அந்தக் காலை அழுத்தி நீவினால் உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே பறித்துவிடலாம். தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். இரண்டு கெண்டைச்சதையையும் ஒரே இடத்தில் சுற்றி அளந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. வித்தியாசம் தெரிந்தால் தைலத்தை மூடி வைத்துவிட்டு ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இது மருத்துவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. காலை முதலில் தொடுகிறவர் தொக்கணம் செய்யும் பெண். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியூர் விருந்தாளிகளை விடுங்கள். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி என்னிடம் வந்தார். சாயங்காலம் ஆனால் வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது என்றார். பித்தம் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். வீட்டில் சாப்பிடுகிற எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வரச் சொன்னேன். மறுமுறை வந்தபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை மேசையில் கவிழ்த்தார். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, ரத்தக் கொதிப்புக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று. அவற்றுக்கு அடியில், ரப்பர் வளையம் போட்ட பொட்டலத்தில் சிறுகுறிஞ்சான் பொடி. இன்னொன்றில் தொண்டைக்கென்று தினமும் வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரத் துண்டுகள்.

"ஆச்சி, இந்தப் பொடியைப் பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"அது பொடிதானே ஆத்தா, மருந்தா?" என்றார்.

கிளிமிபிரைடும் சர்க்கரையைக் குறைக்கும், சிறுகுறிஞ்சானும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் சாயங்காலம் கண் இருட்டத்தான் செய்யும். அதிமதுரத்தை நாள்தோறும் சாப்பிட்டுவந்தால் ரத்தக் கொதிப்பை ஏற்றும், உடம்பிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும். நீர் பிரியும் மாத்திரையோடு சேரும்போது அந்தக் குறைவு இன்னும் மோசமாகும். ஆங்கில மருத்துவர் பொடியைப் பற்றிக் கேட்கவில்லை. பொடியை விற்றவர் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. நான் அந்த மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி ஆச்சியின் கையில் கொடுத்தனுப்பினேன். அவரும் மதித்துப் பதில் எழுதினார். முழு உடல் நலம் என்று இன்று எல்லோரும் பேசுவது இந்த இரண்டு கடிதங்களுக்குள் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

நம் துறையில் இப்போது நடக்கும் மாற்றங்களைப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை எழுதி வைக்கும் பழக்கத்தைத்தான் நம்மிடம் கேட்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2024 ஜனவரியில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மூன்றின் நோய்ப்பெயர்களுக்கும் தனிப் பகுதி சேர்ந்தது. நாம் நாடி பார்த்து, நா, நிறம், விழி பார்த்து எழுதும் நோய்க் கணிப்புக்கு இனி உலகம் முழுவதும் செல்லும் குறியீடு உண்டு. எழுதினால்தானே குறியீடு போட முடியும்? மருந்தால் வரும் கேடுகளைப் பதிவு செய்ய 2018 முதல் மரபு மருத்துவங்களைக் கவனிக்கும் ஆயுஷ் அமைச்சகத்தின் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. காணொலி வழியே மருத்துவம் பார்ப்பதற்கான வழிகாட்டு நெறிகள் 2020-இல் வந்தன. மருத்துவத்துக்காகவே வருகிற வெளிநாட்டவருக்கு 2023 முதல் ஆயுஷ் விசாவும் உண்டு. ஊர் திரும்பியவரைத் தொடர்ந்து கவனிக்க இவையெல்லாம் கைகொடுக்கும், நம்மிடம் பதிவேடு இருந்தால்.

விருந்தாளிகளும் மாறிவிட்டார்கள். தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரத்தோடும், புஜத்தில் ஒட்டிய சர்க்கரை அளவியோடும் வருகிறார்கள். கறுப்பு நிறக் கவுனி அரிசி சர்க்கரை நோய்க்கு நல்லது என்று படித்துவிட்டு வந்தவருக்கு, நம் வழக்கப்படி சீனியும் நெய்யும் தேங்காயும் சேர்த்துக் கிளறிய கவுனி அரிசியை ஒரு கிண்ணம் வைக்கிறார்கள். அது நம் வீட்டுக் கல்யாணங்களில் வைக்கிற இனிப்பு. மருந்தென்று சொல்லிப் பரிமாறினால் அவருடைய அளவி காட்டுகிற எண்ணே நம்மைக் கேள்வி கேட்கும். அந்தக் கருவிகளை அலட்சியம் செய்யும் சக மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாடியைப் படிக்கத் தெரிந்த நமக்கு இன்னொரு சான்று கிடைத்தால் நல்லதுதான்.

சிலர் தூக்கத்துக்கென்று தங்கள் நாட்டிலிருந்தே அஸ்வகந்தா மாத்திரை கொண்டுவருகிறார்கள். நாம் அமுக்கரா என்பதும் அதையேதான்; இங்கே அமுக்கராச் சூரணமும் கொடுத்தால் ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அமுக்கரா விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். டென்மார்க் 2023-இல் அதற்குத் தடையே விதித்தது. அந்தத் தடை சரியா என்று நாம் வாதாடலாம். ஆனால் அந்நாட்டுக்காரர் நம் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அதைத் தெரியாமல் இருக்கக் கூடாது. நீரிழிவுக்காரரைப் பட்டினி போடுவதிலும், இதய நோயாளியை ஆவிக்கூண்டில் உட்கார வைப்பதிலும் இதே எச்சரிக்கை தேவை.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "யாரோடு சாப்பிடுகிறீர்கள்?" இங்கிலாந்தில் பொது மருத்துவர்கள் தனிமையில் வாடுகிறவர்களை மாத்திரையோடு நிறுத்தாமல் தோட்ட வேலைக்கும் பாட்டுக் குழுவுக்கும் அனுப்பிவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கென்றே இணைப்புப் பணியாளர்களைத் தேசிய சுகாதாரச் சேவை நியமித்திருக்கிறது. நம்மூரில் இந்தத் தேவை எவ்வளவு பெரியது! முகப்பிலிருந்து பின்கட்டுவரை ஒரு தெருவையே அடைக்கும் வீட்டில் ஐயாவும் ஆச்சியும் மட்டும், அல்லது ஆச்சி மட்டும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ஒருத்திக்காக என்ன அடுப்பு மூட்டுவது என்று இரவு பாலும் பழமுமாக முடித்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய களைப்புக்கும் மலச்சிக்கலுக்கும் தூக்கமின்மைக்கும் லேகியம் எழுதிக் கொடுத்தால் பாதி வேலைதான் முடியும். வளவு வீடுகளில் விருந்தாளிகளுக்காகக் காலையில் நடத்தும் மூச்சுப் பயிற்சிக்கு அதே தெருவின் முதியவர்களையும் வாரத்தில் சில நாள் அழைக்கலாமே. உட்காரத் திண்ணை இருக்கிறது, இடத்துக்குப் பஞ்சமில்லை. இந்த ஒன்றை மட்டும் நம் மையங்கள் செய்தால் ஊருக்கே பெரிய உபகாரமாக இருக்கும்.

சிகிச்சை செய்கிறவர்களின் உடம்பைப் பற்றியும் ஒரு சொல். விடுமுறைக் காலங்களில் ஓய்வே இல்லாமல் அடுத்தடுத்துத் தொக்கணம் செய்து மணிக்கட்டும் இடுப்பும் விட்டுப்போன இளம்பெண்கள் என்னிடமே சிகிச்சைக்கு வருகிறார்கள். ஒருவருக்கும் மற்றவருக்கும் நடுவே இளைப்பாற நேரம் கொடுப்பது முதலாளிகளின் கடமை. சில நாள் பயிற்சியில், உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைத் தொட்டுச் செய்யும் வர்மம் கற்றுத் தருவதாகச் சொல்வதையும் நிறுத்த வேண்டும். ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் இருந்து கற்கிற கலை அது. தவறிப் பட்டால் ஆளையே முடக்கிவிடும்.

விளம்பரப் பலகைகளைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு, பக்கவாதம் பூரண குணம் என்று எழுதுவது 1954-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். பத்தியமும் மருந்தும் சேர்ந்து நோயைக் கட்டுக்குள் வைத்த நேர்மையான மருத்துவர்கள் இந்தப் பகுதியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெயர்தான் இதனால் கெடுகிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி எந்த நலவாழ்வு மையத்தைப் பற்றி எழுதினாலும், அங்கே பதிவு பெற்ற மருத்துவர் யார், அவர் தினமும் வருகிறாரா, அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்ற மூன்றையும் கேட்டு வெளியிடுங்கள். அழகான படங்களுக்குப் பக்கத்தில் இவையும் வந்தால் உரிமையாளர்கள் தாமாகவே கவனிப்பார்கள்.

சக மருத்துவர்களுக்கும் இக்கடிதத்தின் வழியே ஓர் அழைப்பு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் சித்தம், ஆயுர்வேதம், யோகா, இயன்முறை மருத்துவம் பார்க்கும் நாம் ஒன்றாக உட்கார்ந்து எல்லா மையங்களுக்கும் பொதுவான ஒரு படிவத்தை எளிய தமிழில் எழுதலாம். சாப்பிடும் மாத்திரைகள், பொடிகள், லேகியங்கள், ஒவ்வாமை, கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை, நீண்ட பயணம், காலில் வீக்கம், தூக்கம், உடன் இருப்பவர்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மடித்தால் சட்டைப்பையில் அடங்கும் ஒரே தாள், இரண்டு பிரதி. ஒன்று நம்மிடம் இருக்கட்டும். மற்றதை வந்தவர் தம் ஊர் மருத்துவரிடம் காட்டட்டும். என் சிகிச்சையகத்தில் நான் பயன்படுத்தும் தாளை யார் கேட்டாலும் தருகிறேன். திருத்திச் சேர்க்க வேண்டியதைச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சித்த மருத்துவர் ஒருவர்,
காரைக்குடி.