பாபநாசத்தில் இறங்கிய பெரியவருக்கு நன்றி

போன ஞாயிறு தஞ்சாவூர்–மயிலாடுதுறை பாசஞ்சரில் மடியில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தவன் நான். உள்ளே, என் மாடல் ரயில் லேஅவுட்டுக்காக, அதாவது குட்டி ரயில் ஓடும் மாதிரி ஊருக்காக, ஆறு மாதமாகச் செய்த ரைஸ் மில். எச்ஓ அளவு, நிஜத்தில் 87 அடி இருப்பது இங்கே ஒரே அடி. யாரோ பை இறக்கியதில் புகைபோக்கி முறிந்தது.

நீங்கள் எதுவும் கேட்கவில்லை ஐயா. உங்கள் ஊதுபத்திப் பாக்கெட்டைப் பிரித்து, மூன்று குச்சிகளை ஒடித்து, காகிதக் குழாய்க்குள் செருகி நிமிர்த்திவிட்டீர்கள். விரல் நடுங்கவே இல்லை. அப்புறம் நெல் காயும் களத்தை உற்றுப் பார்த்து, "நடுவுல மேடு இல்லியே தம்பி, மழை பேஞ்சா தண்ணி எங்க வடியும்?" என்றீர்கள். மில்லில் வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பேர் கேட்பதற்குள் பாபநாசம் வந்துவிட்டது. களத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் மேடு வைத்துவிட்டேன். குச்சிகளை எடுக்கவில்லை, பக்கத்தில் போனால் மில்லில் மல்லிகை வாசம் அடிக்கிறது.