அசரீரி மேல் பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களின் ஆவணப்படங்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, வாய்ஸ் ஓவர், அதாவது பேசுபவரின் முகம் தெரியாத பின்னணிக் குரல், வைத்த படமென்றாலே திரையரங்கில் ஓடிய பழைய நியூஸ் ரீல் செய்திப்படப் பாணி, மாணவர்கள் அதைக் கைவிட வேண்டும் என்கிறது. கட்டுரையாளரின் சலிப்பு நியாயமானது. ஆனால் சலிப்புக்குக் காரணம் குரல் அல்ல. குரலுக்குக் கீழே வாதம் என்று ஒன்று இல்லாததுதான்.

ஒரு குரல் வாதத்தை எடுத்துச் சொல்ல, காட்சிகளும் பேட்டிகளும் அதற்குச் சாட்சியாக வந்து நிற்கும் படத்தை விளக்கமுறை ஆவணப்படம் என்கிறோம். திரைப்பட ஆய்வாளர் பில் நிக்கல்ஸ் ஆவணப்படங்களை வகைபிரித்தபோது இதைத் தனி வகையாக வைத்தார். முகம் காட்டாமல் எல்லாம் தெரிந்ததுபோல் பேசும் அந்தக் குரலை ஆங்கிலத்தில் கடவுளின் குரல் என்பார்கள். நமக்குப் புராணப் படங்களிலிருந்தே பழகிய சொல் இருக்கிறது: அசரீரி. இந்த வகையில் எடிட்டிங்கின் வேலையும் வேறு. கதைப்படத்தில் இடமும் நேரமும் அறுபடாமல் தோன்றும்படி வெட்டுவார்கள். இங்கே அறுபடக்கூடாதது வாதம் மட்டுமே. முதல் ஷாட் வேளச்சேரி, அடுத்த ஷாட் முட்டுக்காடு, மூன்றாவது ஒரு வரைபடம் என்று தாவலாம். சொல்லப்படும் கருத்துக்கு மூன்றும் சான்றாக இருந்தால் பார்ப்பவருக்கு உறுத்தாது.

மாணவர் படங்கள் இந்த வகையிடமிருந்து கடன் வாங்குவது அதன் உடுப்பை மட்டும்தான். கனத்த குரல், ட்ரோன் ஷாட், சோக வயலின், பேராசிரியர் ஒருவரின் பைட் எனப்படும் பேட்டித் துணுக்கு. படம் என்ன சொல்கிறது என்று கேட்டால் ‘நீர்நிலைகளைக் காக்க வேண்டும்’ என்பார்கள். அதை யார் மறுக்கப்போகிறார்கள்? மறுக்க ஆளில்லாத வாக்கியத்தை நிரூபிக்க 10 நிமிடம் எதற்கு? விவரம் தெரிந்த ஒருவர் ‘அப்படியா, எப்படிச் சொல்கிறாய்?’ என்று திருப்பிக் கேட்கக்கூடிய வாக்கியம் ஒன்று கையில் இல்லாமல் கேமராவை எடுக்கக்கூடாது.

சென்னை மாணவர்களுக்குப் பிடித்தமான பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையே எடுத்துக்கொள்வோம். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு அதைப் பற்றிய மாணவர் படங்கள் பெருகிவிட்டன. வழக்கமான தொடக்கம் இப்படி இருக்கும்: ‘ஒரு காலத்தில் பறவைகளின் சொர்க்கமாகத் திகழ்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலம், இன்று மனிதனின் பேராசையால் அழிவின் விளிம்பிற்குத் தள்ளப்பட்டு வருகிறது என்பது வேதனைக்குரியது.’ இதைப் படிக்க 9 அல்லது 10 வினாடி ஆகும். அந்த நேரத்தில் திரையில் என்ன காட்டுவது? ஸ்லோ மோஷனில் பூநாரை, பிறகு பெருங்குடி குப்பைமேட்டுப் புகை. இரண்டும் அழகாகவே இருக்கும். இரண்டுமே அந்த வாக்கியத்துக்குச் சான்றில்லை. சொர்க்கம், பேராசை, விளிம்பு, வேதனை எதையும் கேமராவால் எடுக்க முடியாது.

அதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘தென்சென்னை ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் இங்கே வரும். இங்கிருந்து வெளியேற அதற்குள்ள முக்கிய வழி ஒக்கியம் மடுவு. மடுவைத் தாண்டினால் பக்கிங்ஹாம் கால்வாய். அங்கிருந்து கோவளம் முகத்துவாரம், கடல்.’ ஏறக்குறைய 20 சொற்கள். உபரிநீர் வழியும் ஏரியின் கலங்கல், மடுவு என்ற நீர்வழியின் மேல் போகும் பாலம், கால்வாய், கோவளம் முகத்துவாரம் இருக்கும் முட்டுக்காடு என்று நான்கு இடங்களில் கேமராவை நிறுத்தியாக வேண்டும். எங்கே போய் எதை எடுப்பது என்பதை எழுத்தே சொல்லிவிடுகிறது. மடுவின் அகலத்தை நேரில் பார்க்கும் பார்வையாளருக்கு, இவ்வளவு தண்ணீர் இந்த வழியாகவா போக வேண்டும் என்ற கேள்வி தானாக எழும். அடுத்த காட்சி அந்தக் கேள்விக்குப் பதிலாக அமைந்தால் படம் நகர ஆரம்பித்துவிடும்.

வாய்ஸ் ஓவரில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அதை ஆங்கிலப் பாடநூல்கள் சொல்லித்தராது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ‘கடந்த பல ஆண்டுகளாகக் கழிவுநீர் கலந்து கொண்டிருப்பதாகக் கூறப்படும் கால்வாயை ஒட்டி வாழும் மக்கள்’ என்று பெயரெச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், யார் என்ன செய்தார்கள் என்பது தெரியவரும் முன் திரையில் மூன்று ஷாட் ஓடிவிடும். அச்சில் படிப்பவர் ஒரு வரி பின்னால் போய்ப் பார்த்துக்கொள்வார். படம் பார்ப்பவரால் அது முடியாது. ஒரு வாக்கியத்துக்கு 8 முதல் 12 சொல், அதில் ஒரே ஒரு வினைமுற்று என்று வைத்துக்கொள்வது நல்லது. பொருளின் பெயர் ஒலிக்கும்போதோ அதற்கு அரை வினாடி முன்போ அதன் ஷாட் திரைக்கு வந்துவிட வேண்டும். பெயரைச் சொல்லி முடித்த பிறகு ஷாட் வந்தால் எடிட்டர் தூங்கிவிட்டார் என்று தோன்றும். ‘என்பது குறிப்பிடத்தக்கது’, ‘என்றால் அது மிகையாகாது’ போன்ற வால்களைக் கண்ட இடத்தில் நறுக்கலாம். ‘ஆக்கிரமிக்கப்பட்டது’, ‘கொட்டப்படுகிறது’ என்ற செயப்பாட்டு வினைகள் அதைவிட ஆபத்தானவை. யார் கொட்டுகிறார்கள் என்று தேடிப் போகாததை மறைக்க இதைவிட வசதியான இலக்கணம் இல்லை. செய்தவரின் பெயர் தெரியாவிட்டால், எந்த நாள், எந்த இடம், எத்தனை லாரி என்று பார்த்ததை எழுதலாம்.

அளவும் முக்கியம். தமிழில் காது தொடர்ந்து வாங்கிக்கொள்ள நிமிடத்துக்கு 90 முதல் 110 சொற்களே வசதி. ஒட்டுகள் சேர்ந்து நம் சொற்கள் நீண்டவை என்பதால் ஆங்கில நூல்கள் சொல்லும் 150 சொற்கள் கணக்கு இங்கே பொருந்தாது. 10 நிமிடப் படத்தில் பாதி நேரத்துக்கு மேல் குரல் இருக்கக்கூடாது. ஆகவே மொத்தம் 500 சொல்லுக்குள் முடிய வேண்டும். மாணவர் கையெழுத்துப் படிகளில் 1,200 சொற்கள் சாதாரணமாக இருக்கும். அதை அடக்க வேகமாகப் படிப்பார்கள், மூச்சுவிடும் இடைவெளியைக்கூட வெட்டுவார்கள். கடைசியில் லாட்டரி அறிவிப்பு கேட்பதுபோல் இருக்கும்.

இதற்கு வேலையின் வரிசையும் காரணம். முதலில் ஷூட்டிங், பிறகு இசை போட்டு எடிட், கடைசி இரவில் வாய்ஸ் ஓவர் என்று போனால், காட்சிகளுக்கு இடையில் உள்ள ஓட்டையை அடைக்கும் சிமென்டாகத்தான் குரல் பயன்படும். படப்பிடிப்புக்கு முன்பே நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்த தாளில், இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி என்று எழுத வேண்டும். இடப்பக்கம் காலியாக இருக்கும் ஒவ்வொரு வரியும் வலப்பக்கத்தில் நிற்கத் தகுதியற்ற வரி. எடிட் தொடங்கும்போது போனிலேயே பேசி ஒரு தற்காலிகக் குரலைப் பதிவுசெய்து எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் வைத்து, அதன் மேல் காட்சிகளை வெட்டி, சொற்களைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். மூன்று நான்கு முறை இப்படித் திருத்திய பிறகுதான் இறுதிப் பதிவு. ஷாட்டிலேயே தெரிவதைக் குரல் திரும்பச் சொன்னால் அந்த வரி போக வேண்டும். குப்பை எரிவது தெரிகிறது. எரிகிறது என்று சொல்ல வேண்டாம். அங்கே எப்போதிருந்து குப்பை கொட்டுகிறார்கள் என்பதைப் படம் காட்டாது. அதைச் சொல்லலாம்.

பேட்டிகளிலும் இதே குழப்பம்தான். குரல் சொன்னதையே பேராசிரியர் சொல்வார், பேராசிரியர் சொன்னதையே தன்னார்வலர் சொல்வார். பேசுபவர் தன் அனுபவத்தாலோ படிப்பாலோ மட்டுமே சொல்லக்கூடியதை அவர் வாயில் விட்டுவிட்டு, இணைப்பையும் பின்னணியையும் மட்டும் குரல் எடுத்துக்கொண்டால் இது தீரும். 1935-இல் லண்டன் சேரிவாசிகள் கேமராவைப் பார்த்துத் தங்கள் வீட்டு எலிகளைப் பற்றிப் பேசிய பிரிட்டிஷ் படம் ‘ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்’ இன்றும் பாடமாக இருக்கக் காரணம் அதுதான். எந்த அறிவிப்பாளராலும் அந்த எலியை அப்படிச் சொல்லியிருக்க முடியாது. அந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது எரிவாயு வணிகர்களின் சங்கம் என்பதையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். புதிய அடுக்ககங்கள் வந்தால் அடுப்புக்கு எரிவாயு விற்குமல்லவா?

பேட்டி எடுக்கும்போது ‘கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்’ என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘ஆமா, அப்போ ரொம்ப மோசம்’ என்று தொடங்கும் பைட்டுக்கு எடிட்டில் தலை இருக்காது. எழுந்து வருவதற்கு முன் அந்த இடத்தின் வெற்று ஒலியை 30 வினாடி பதிவு செய்ய வேண்டும். பைட்டுகளை ஒட்டும்போது இடையில் காது அடைத்ததுபோல் வரும் வெறுமையை அதுதான் நிரப்பும். பெயர்ப் பட்டையில் பேசுபவர் எந்தத் தகுதியில் பேசுகிறார் என்பது இருக்க வேண்டும், 4 வினாடியாவது நிற்க வேண்டும். ‘சமூக ஆர்வலர்’ தகுதி அல்ல.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போன் கேமராவே போதும். இரண்டு விஷயம் மட்டும் திரும்பத் திரும்பக் கெடுகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன்கள் வழக்கமாக வினாடிக்கு 30 பிரேமில் எடுப்பதால் டியூப்லைட்டுக்குக் கீழே படத்தில் பட்டைகள் ஊரும். 25 பிரேம், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு வினாடி என்று கையால் அமைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டாவது, பல போன்கள் பிரேம் வேகத்தைத் தாமே கூட்டிக் குறைக்கும். தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலி பேட்டியின் தொடக்கத்தில் உதட்டோடு ஒட்டியிருந்து, முடிவில் விலகி நிற்பது இதனால்தான். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டில் ஏற்ற வேண்டும்.

குரல் பதிவுக்கு ஸ்டுடியோ தேவையில்லை. துணி நிறைந்த அறை, அணைத்த மின்விசிறி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் மைக், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாத பதிவு. இசை, குரலைவிட 15 முதல் 20 டெசிபல் கீழே இருக்கட்டும். குரலின் அடித்தொனியை (bass) ஏற்றி எதிரொலி சேர்ப்பதை அருள்கூர்ந்து நிறுத்தலாம். அசரீரி உண்மையிலேயே வானத்திலிருந்து பேச வேண்டியதில்லை. இப்போது பரவிவரும் கணினிக் குரலைக் காதால் சோதிக்காமல் ஏற்றக்கூடாது. தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப ஆகியவற்றின் ka, ga போன்ற ஒலி வேறுபாட்டுக்குத் தனித்தனி எழுத்து இல்லாததால் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் அதில் அடிக்கடி சிதையும்.

குரல் நம்பும்படி பேசுகிறது என்பதால்தான் இந்த வகையில் பொய் சொல்வதும் எளிது. வேறு மாநிலத்தில் செத்து மிதந்த மீன்களின் இணையக் காட்சியைப் போட்டு ‘இந்த ஏரியில்’ என்று குரல் சொன்னால் பார்ப்பவர் நம்பிவிடுவார். கடன் வாங்கிய காட்சியின் மேல் இடமும் ஆண்டும், நடித்துக் காட்டியதன் மேல் ‘சித்திரிப்பு’ என்பதும் வர வேண்டும். பள்ளிக்கரணையில் இன்னொரு தொல்லை: நிலத்தின் ஒரு பகுதி காப்புக்காடு, வனத்துறை அனுமதி வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் தொலைவில் இல்லை. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனைத் தூக்கக்கூடாது.

கட்டுரையாளர் நியூஸ் ரீலைச் சாடியதற்கு ஒரு வார்த்தை. 1948-இல் தொடங்கிய, இந்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனின் படங்கள் ஒரே எடிட்டில் பல மொழிக் குரல்களோடு நாடெங்கும் திரையரங்குகளுக்குப் போயின. குரலை மாற்றினால் போதும் என்ற ஏற்பாட்டில், திரையில் இருப்பவர்கள் தம் மொழியில் பேசுவதற்கு இடம் சுருங்கியது இயல்பு. அந்தக் கட்டாயம் இன்றைய மாணவருக்கு இல்லை, சப்டைட்டில் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1940-இல் பயண எழுத்தாளர் ஏ.கே.செட்டியார் வெளியிட்ட காந்தி ஆவணப்படம் இருக்கிறது. பல நாடுகளில் அலைந்து, பலர் பல காலத்தில் எடுத்த சுருள்களாகச் சேகரித்த 50,000 அடி ஃபிலிமிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்து, தமிழ் விளக்கவுரையால் கோத்த படம். அப்படிப்பட்ட துணுக்குகளை ஒரு படமாக இணைக்கக் குரலை விட்டால் வேறு நூல் ஏது?

மாணவர் படவிழா நடத்துபவர்களிடம் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. நுழைவுப் படிவத்தோடு ஒரு பக்கத் தாள் கேளுங்கள். படம் நிரூபிக்க முயலும் ஒற்றை வாக்கியம், குரல் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம், தாங்களே எடுக்காத ஒவ்வொரு ஷாட்டின் இடமும் தேதியும் அதில் இருக்கட்டும். படத்தைப் போடும் முன் நடுவர்கள் அந்தத் தாளைப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
காட்சித் தொடர்பியல் பயிற்றுநர்கள் இருவர்,
சென்னை.