குழுவின் பெருமை பாடகரோடு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகின் தலைசிறந்த ராக் இசைக்குழுக்களை வரிசைப்படுத்தித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கையும் குழு நீடித்த ஆண்டுகளுமே அதில் அளவுகோல்களாக இருந்தன. குறிப்புகளிலோ பாடகரின் பெயரும், மிஞ்சினால் கிட்டார் கலைஞரின் பெயரும் மட்டுமே இடம்பெற்றிருந்தன. பல ஆண்டுகள் ஒரு சிறு குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன் என்ற முறையில் இதை மறுத்து எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆண்டுக் கணக்குதான் அளவு என்றால் பீட்டில்ஸ் மிகச் சாதாரணக் குழுவாகிவிடும். 1962 ஆகஸ்டில் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் சேர்ந்த பிறகு நால்வரும் ஒன்றாக இருந்த காலம் எட்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அவர்களுடைய பாடல்கள் இன்றும் பழசாகாமல் இருப்பதற்கு பெரும்பாலான பாடல்களை இயற்றிய லெனன், மெக்கார்ட்னி இருவரின் மேதைமையே காரணம் என்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடக்கைப் பழக்கமுள்ள ரிங்கோ, வலக்கைக்காரருக்கென அமைத்த டிரம்ஸில் வாசித்தவர் என்பதையும், அதனால்தான் பாட்டின் வரிகளுக்கு இடையே அவர் நிரப்பும் தாளத் துணுக்குகள் வேறு எவர் கையும் போகாத வழியில் போகின்றன என்பதையும் கவனித்துக் கேட்டவர்கள் அறிவார்கள். 1968 ஆகஸ்டில், தான் ஒதுக்கப்படுவதாக மனம் நொந்து அவர் குழுவைவிட்டு வெளியேறினார். மற்றவர்கள் அவர் இல்லாமலே ஒலிப்பதிவைத் தொடர்ந்தார்கள். மெக்கார்ட்னியே டிரம்ஸ் வாசித்தார். ஆனாலும் அவரைத் திரும்ப அழைத்தார்கள். சில நாட்கள் கழித்து ரிங்கோ ஸ்டுடியோவுக்கு வந்தபோது அவருடைய டிரம்ஸ் முழுவதும் பூக்களால் அலங்கரிக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய விற்பனைக் கணக்கு முழுவதையும்விட எனக்கு இந்த ஒரு செய்தி அதிகம் சொல்கிறது.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை அதன் நீண்ட ஆயுளுக்காகப் பாராட்டியிருக்கிறீர்கள். அந்த ஆயுளுக்கு அடித்தளமாக இருந்த சார்லி வாட்ஸ் பெயரைக் காணவில்லை. 1963 தொடங்கி 2021 ஆகஸ்டில் மறையும் வரை அவர்தான் அக்குழுவின் டிரம்மர். ஜாஸ் இசையில் தோய்ந்த அவர், ஸ்னேர் என்னும் சிறு டிரம்மில் அடி விழும் கணத்தில், ஹை-ஹாட் என்னும் இணைத் தாளத் தட்டுகளிலிருந்து வலக்கையை எடுத்துவிடுவார். அந்த நூலிழை இடைவெளியில்தான் அவர்களுடைய பாட்டு மூச்சுவிடுகிறது. பெரும்பாலான குழுக்களில் எல்லோரும் டிரம்மரைப் பின்தொடர்வார்கள். இங்கோ கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டாரைப் பின்தொடர்ந்து வாட்ஸ் வாசித்தார். இழைபிரியாமலும் இறுகிவிடாமலும் நிற்கும் அந்தத் தளர்வை எழுதி வைத்துக்கொண்டு இன்னொருவர் வாசித்துவிட முடியாது. ஒரு குழு பெரியதா என்று அறிய நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான்: தனித்தனியாக இருந்தால் அவர்களில் எவராலும் உருவாக்க முடியாத ஒன்று, சேர்ந்து வாசிக்கும்போது பிறக்கிறதா?

அப்படிப் பிறந்தது நிலைப்பதற்கும் கலைவதற்கும் பெரும்பாலும் பணமும் பெயருமே காரணம். பாடலை இயற்றியவர் என்று எவர் பெயர் பதிவாகிறதோ அவருக்குத்தான் இயற்றியவருக்குரிய ராயல்டி போகும். மாதக்கணக்கில் உடனிருந்து அந்தப் பாட்டுக்கு உருவம் கொடுத்த டிரம்மருக்கும் பேஸ் கலைஞருக்கும் அதில் பங்கு கிடையாது. குயின் குழுவின் புகழ்பெற்ற 1975ஆம் ஆண்டு இசைத்தட்டில் முன்பக்கப் பாடல் ஃப்ரெடி மெர்க்குரியுடையது, பின்பக்கப் பாடல் டிரம்மர் ரோஜர் டெய்லருடையது. தட்டு ஒன்றாகவே விற்றதால் இருவருக்கும் சமமான தொகை சேர்ந்தது. அது உள்ளுக்குள் நெடுநாள் மனக்கசப்பாக இருந்தது. 1989ஆம் ஆண்டு ஆல்பத்தில்தான் பாடல்கள் அனைத்தையும் நால்வர் பெயரிலும் பொதுவாக வெளியிட்டார்கள். ஆர்.ஈ.எம். குழுவோ தொடக்கத்திலிருந்தே தான் இயற்றியவற்றை நால்வர் பெயரிலும் பதிவு செய்தது. டிரம்மர் பில் பெர்ரி 1995இல் மேடையிலேயே மூளை இரத்தக்குழாய்ப் பாதிப்புக்கு ஆளாகிப் பிழைத்தவர். 1997இல் விலக விரும்பியபோது, தன் விலகலால் குழு கலையுமானால் விலகமாட்டேன் என்று நண்பர்களிடம் தெரிவித்தார். மற்ற மூவரும் 2011 வரை தொடர்ந்தார்கள்.

சமமாகப் பங்கிட்டாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் 1969 ஒரே ஆண்டில் மூன்று ஆல்பங்களை வெளியிட்ட குழு. அனேகமாக எல்லாப் பாடல்களும் ஜான் ஃபோகர்ட்டியுடையவை. மற்றவர்களின் மனக்குறை முற்றிய பிறகு, 1972இல் வந்த கடைசி ஆல்பத்தில் குழுவில் எஞ்சியிருந்த மூவரும் எழுதினார்கள், மூவரும் பாடினார்கள். ஆல்பம் சோபிக்கவில்லை, குழுவும் அந்த ஆண்டே கலைந்தது. நம்பிக்கை போன பிறகு செய்த பங்கீடு என்பதால் அது எவரையும் சேர்த்து வைக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

லெட் செப்பலின் குழுவின் ஜான் பான்ஹாம் 1980 செப்டம்பரில் இறந்தார். புகழின் உச்சியில் இருந்த அவர்களுக்கு வேறு டிரம்மர் கிடைக்காமல் போயிருக்கமாட்டார். இருந்தும் அந்த டிசம்பரிலேயே, தங்களால் முன்போல் தொடர இயலாது என்று அறிவித்துக் குழுவை முடித்துக்கொண்டார்கள். 2007 டிசம்பரில் லண்டனில் ஒரே ஓர் இரவு முழுக் கச்சேரி நடத்தியபோது, அந்த இருக்கையில் பான்ஹாமின் மகன் ஜேசன் அமர்ந்திருந்தார். தங்கள் கட்டுரையில் இக்குழுவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தும் பான்ஹாமுக்கு ஒரு வரி இல்லை. அடுத்த முறை இத்தகைய வரிசையை வெளியிடும்போது ஒவ்வொரு குழுவிலும் வாசித்த அனைவரின் பெயரையும், அவர்கள் வாசித்த கருவியையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்