தாடி எடுத்தது தத்துவத்துக்காக அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் 'தி ப்ரிஸனர்' என்கிற பழைய பிரிட்டிஷ் உளவுத் தொடரைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். 1967இல் வந்த தொடரை நினைவு வைத்துத் தமிழில் எழுத ஒரு ஆள் இருக்கிறாரே என்று காபி ஆறிப்போகிற வரைக்கும் படித்தேன். ஆனால் கடைசி எபிசோடான 'ஃபால் அவுட்' பற்றிய பத்தி வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் எண் ஆசாமிக்குத் தாடியை எடுப்பது அகந்தையைக் களைவதன் குறியீடு, துரத்தி வரும் வெள்ளை பலூன் ஆழ்மன பயத்தின் குறியீடு, இன்னொரு எபிசோடில் நாயகனுக்கு வேறு முகம் வருவது அடையாளச் சிக்கலின் குறியீடு என்று கட்டுரையாளர் அடுக்கிக்கொண்டே போயிருந்தார். நான் சீரியல் செட்டுகளில் பதினைந்து வருடம் உதவி இயக்குநராகக் கன்டினியூட்டி, அதாவது ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் உடை, முடி எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தவன். எனக்கு அங்கே மூன்று குறியீடு தெரியவில்லை, மூன்று தலைவலிதான் தெரிகிறது.

தொடரைப் பார்க்காத வாசகர்களுக்காக இரண்டு வரி. ஒரு உளவாளி கோபமாக வேலையை ராஜினாமா செய்கிறான். வீட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது சாவித் துவாரம் வழியாகப் புகை வருகிறது, மயங்கி விழுகிறான், கண் விழித்தால் பெயரே இல்லாத, பொம்மைக் கடை மாதிரி வண்ணம் அடித்த ஒரு கிராமம். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். இவன் ஆறு. ஊரை நிர்வகிப்பவர் இரண்டாம் எண், அநேகமாக வாராவாரம் ஆள் மாறிக்கொண்டே இருப்பார், எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: ஏன் ராஜினாமா செய்தாய்? இவன் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்வி: யார் அந்த முதலாம் எண்? மொத்தம் 17 எபிசோட். நாயகன் பேட்ரிக் மெக்கூஹன், தொடரின் முதலாளி மாதிரியும் அவர்தான். அவர் கேட்டது ஏழு எபிசோட், காசு போட்ட லூ கிரேட் கேட்டது 26, பேரம் பேசி 17இல் நின்றது என்று மெக்கூஹனே 1977இல் ஒரு கனடா தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

சரி, தாடிக்கு வருகிறேன். லியோ மெக்கர்ன் என்ற அருமையான நடிகர் இரண்டாம் எண்ணாக வரும் 'ஒன்ஸ் அபான் எ டைம்' கடைசிக்கு முந்தைய எபிசோட். ஒரே அறை, அதில் குழந்தைகள் விளையாடும் ஊஞ்சலும் பள்ளிக்கூட மேசையும், இரண்டு பேர் ஒருவரை ஒருவர் உடைத்துப் போடுகிற வரை பேசுகிறார்கள். மெக்கர்னுக்குப் படப்பிடிப்பின் நடுவே உடம்பு முடியாமல் போகிற அளவுக்கு அது கனமான வேலை. கடைசியில் அவர் பாத்திரம் சுருண்டு விழுந்து செத்துப்போகிறது. கவனியுங்கள், இது எடுக்கப்பட்டது 1966 கடைசியில், தொடரின் ஆரம்பக் கட்டத்திலேயே. எடுத்து வைத்துவிட்டு அலமாரியில் போட்டுவிட்டார்கள். அதன் தொடர்ச்சியான 'ஃபால் அவுட்' எடுக்கும்போது ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிட்டது. திரையில் பார்ப்பவனுக்கு இரண்டுக்கும் நடுவே சில நிமிடங்கள்தான். மெக்கர்ன் திரும்பி வந்தார், ஆனால் தாடி வரவில்லை. வேறொரு வேலைக்காகத் தாடியை எடுத்து முடியையும் வெட்டியிருந்தார்.

இந்த நிமிடத்தில் செட்டில் நின்றிருக்கும் கன்டினியூட்டி ஆளின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் சீரியல் ஒன்றில் அப்பா வேடக்காரர் வெள்ளிக்கிழமை மகளை அறைவதற்குக் கையை ஓங்கினார், அதோடு ஷெட்யூல் முடிந்தது, அடுத்த ஷெட்யூலுக்குத் திருப்பதி மொட்டையோடு வந்து நின்றார். ஓங்கிய கை இறங்குவதற்குள் மனிதருக்குத் தலைமுடி போயிருந்தது. விக் வைத்துப் பார்த்தோம், மேக்கப் மேனே சிரித்துவிட்டார். கடைசியில் டைரக்டர் உட்கார்ந்த இடத்தில் ஒரு வேண்டுதல் காட்சி எழுதினார், பத்து நாள் கழித்து என்று ஒரு கார்டு போட்டு, மகள் திருந்தியதற்கு அப்பா முடி காணிக்கை கொடுத்துவிட்டார் என்று. அந்தக் காட்சிக்கு வந்த பாராட்டுக் கடிதங்கள் வேறு எதற்கும் வரவில்லை.

மெக்கூஹன் செய்ததும் இதேதான், நம்மைவிட நூறு மடங்கு கெட்டிக்காரத்தனமாக. செத்த உடம்பைக் கொண்டு வந்து நாற்காலியில் உட்கார வைத்து, முகமெல்லாம் நுரை அப்பி, தலைக்கு மேல் ஒரு இயந்திரத்தை இறக்கி, சலூன் மாதிரி மழித்துவிட்டு உயிர்ப்பித்தார். தாடியோடு செத்தவன் தாடி இல்லாமல் சிரித்துக்கொண்டே எழுகிறான். உங்கள் கட்டுரையாளருக்கு அதில் அகந்தை தெரிந்தால் தவறில்லை, நல்ல ஒட்டு அப்படித்தான் இருக்க வேண்டும், தையல் தெரியக் கூடாது. ஆனால் முதலில் கிழிந்தது துணி என்பதைச் சொல்லிவிட்டுத் தையலைப் புகழலாம்.

பலூன் கதை இன்னும் வேடிக்கை. ஊரைவிட்டு ஓடுபவர்களைத் துரத்திப் பிடிக்கும் காவல் பொருளுக்கு 'ரோவர்' என்று பெயர். முதலில் திட்டமிட்டது பலூனே இல்லை, ஒரு இயந்திர வண்டி. நிலத்தில் ஓட வேண்டும், தண்ணீரில் மிதக்க வேண்டும், சுவரில்கூட ஏற வேண்டும் என்று கனவு கண்டு கட்டினார்கள். படப்பிடிப்பு இடத்துக்கு வந்ததும் தண்ணீரில் இறங்கியது, இறங்கியதுதான், மேலே வரவில்லை என்று மெக்கூஹன் சொல்வார். கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரத்தில் அவரும் புரொடக்ஷன் மேனேஜர் பெர்னார்ட் வில்லியம்ஸும் அண்ணாந்து பார்க்க, வானத்தில் ஒரு வானிலை பலூன் போய்க்கொண்டிருந்ததாம். கொஞ்சம் மெருகேற்றிச் சொன்ன கதை மாதிரி எனக்கும் படுகிறது. ஆனால் இயந்திரம் காலை வாரியதும் அந்த இடத்துக்கு பலூன் வந்ததும் நிஜம். பலூனை நடிக்க வைப்பது சாதாரண விஷயமா? காற்று அடித்தால் ஓடிவிடும், கல்லில் பட்டால் வெடித்துவிடும். கடலுக்குள்ளிருந்து அது பொங்கி வரும் காட்சி தலைகீழாக ஓட்டியது, அதாவது உள்ளே போவதை எடுத்து ரிவர்ஸில் போட்டார்கள். எந்தக் காசும் இல்லாமல் கிடைத்த அந்த வெள்ளை உருண்டையைத்தான் ஐம்பது வருடமாக எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், அந்த இயந்திர வண்டி மூழ்காமல் இருந்திருந்தால் இன்று அதை யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

மூன்றாவது தலைவலி, முகம். 'டூ நாட் ஃபர்சேக் மீ ஓ மை டார்லிங்' எபிசோடில் ஆறாம் எண்ணின் மனத்தை வேறொருவர் உடம்பில் ஏற்றி லண்டனுக்கு அனுப்புகிறார்கள், அந்த உடம்பாக நைஜல் ஸ்டாக் நடித்தார், மெக்கூஹன் சில நிமிடங்கள்தான் தலை காட்டுவார். காரணம்? நாயகன் ஊரில் இல்லை. 'ஐஸ் ஸ்டேஷன் ஸீப்ரா' என்ற ஹாலிவுட் படத்தில் நடிக்க அமெரிக்கா போயிருந்தார். ஷெட்யூல் காத்திருக்காது அல்லவா. நம் ஊரில் இந்த நிலைமை வந்தால் 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி போட்டுவிட்டு மேலே போய்விடுவோம், நானே அந்த வரியை எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் அதையே கதையாக்கினார்கள். எபிசோட் சுமார்தான், அது வேறு விஷயம்.

கட்டுரையில் ஒரு நேரடிப் பிழையும் இருக்கிறது. கிராமத்தின் கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள் அன்றைய பிரிட்டிஷ் வீடுகளை மயக்கின என்று எழுதியிருந்தார். மயக்கியிருக்க வாய்ப்பில்லை. இந்தத் தொடரைப் போட்ட ஐடிவி சேனலில் கலர் ஒளிபரப்பு தொடங்கியதே 1969 நவம்பரில்தான். இந்தத் தொடர் 1967 செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து 1968 பிப்ரவரி தொடக்கத்தில் முடிந்துவிட்டது. கோடு போட்ட குடைகளையும் பைப்பிங் வைத்த கோட்டுகளையும் அந்த ஜனங்கள் முதலில் பார்த்தது கறுப்பு வெள்ளையில். பிறகு எதற்குக் கலரில் எடுத்தார்கள் என்றால், அமெரிக்க மார்க்கெட்டுக்காக. 1968 கோடையில் சிபிஎஸ் அங்கே ஒளிபரப்பியது. லூ கிரேட் வியாபாரி, எதையும் இரண்டு கடையில் விற்கத் தெரிந்தவர்.

இவ்வளவு சொன்னதால் 'ஃபால் அவுட்' வெறும் ஒட்டுப்போட்ட துணி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை எழுதி இயக்கியது மெக்கூஹனே, அதுவும் கழுத்தில் கத்தி இருக்கும்போது. ஸ்கிரிப்ட் எடிட்டர் ஜார்ஜ் மார்க்ஸ்டைன் ஏற்கெனவே மனஸ்தாபத்தில் கிளம்பிவிட்டார் (டைட்டிலில் நாயகன் ராஜினாமா கடிதத்தை மேசையில் அறையும்போது எதிரே மௌனமாக உட்கார்ந்திருக்கிறாரே வழுக்கைத் தலைக்காரர், அவர்தான்). நீதிபதியாக வரும் கென்னத் க்ரிஃபித்திடம், உங்கள் பேச்சை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று மெக்கூஹன் சொல்லிவிட்டாராம், அவ்வளவு நெருக்கடி. ஆனால் அந்த அவசரத்திலும் ஒரு காட்சி. குகைக்குள் விசாரணை மன்றம், வெள்ளை அங்கியும் பாதி கறுப்பு பாதி வெள்ளை முகமூடியும் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஆறாம் எண்ணைப் பேச அழைக்கிறார்கள். அவன் 'ஐ' என்று ஆரம்பிக்கிறான், அதாவது 'நான்'. உடனே கூட்டம் 'ஐ, ஐ, ஐ' என்று மேசையைத் தட்டுகிறது. ஆங்கில நாடாளுமன்றத்தில் ஆமோதிப்பதற்கும் அதே ஒலிதான். மறுபடி ஆரம்பிக்கிறான், மறுபடி 'ஐ, ஐ, ஐ'. அவனைப் பாராட்டிப் பாராட்டியே பேச விடாமல் செய்துவிடுகிறார்கள். இதுதான் தொடரிலேயே யோசித்துச் செய்த இடம், எந்த விபத்தும் கொடுத்திருக்க முடியாதது, இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் துப்பாக்கிச் சண்டை, பின்னணியில் பீட்டில்ஸின் 'ஆல் யூ நீட் இஸ் லவ்'. முதலாம் எண்ணின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே குரங்கு முகமூடி, அதையும் கழற்றினால் ஆறாம் எண்ணின் சொந்த முகமே கெக்கலித்துச் சிரிக்கிறது, ஒரு கணம்தான், கண் சிமிட்டினால் போச்சு. வாராவாரம் டைட்டிலில் "யார் முதலாம் எண்?" "நீ ஆறாம் எண்" என்று ஒரு உரையாடல் வருமே, ஆங்கிலத்தில் 'யூ ஆர்' என்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்துக் கேட்டால் "நீதான், ஆறாம் எண்ணே" என்று ஆகிவிடும் என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அன்றைக்கு இதெல்லாம் யாருக்கும் ரசிக்கவில்லை. வில்லன் யாரென்று தெரிந்துகொள்ள நான்கு மாதம் காத்திருந்த ஜனம் கொதித்துப் போனது, தான் கொஞ்ச நாள் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது என்று மெக்கூஹனே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் திட்டித்தான் இருப்பேன்.

கடைசியாக உங்கள் லேஅவுட் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். படத்துக்குக் கீழே 'பிரம்மாண்ட ஸ்டுடியோ செட்' என்று போட்டிருக்கிறீர்கள். குகையும் மெக்கர்ன் செத்துப்போகும் அந்த அறையும்தான் போர்ஹம்வுட்டில் இருந்த எம்ஜிஎம் ஸ்டுடியோவில் போட்ட செட். நீங்கள் அச்சிட்ட படத்தில் இருப்பது வடக்கு வேல்ஸில் உள்ள போர்ட்மெய்ரியன், க்ளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1925இலிருந்து ஐம்பது வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய நிஜ ஊர், இன்றும் போய் அறை எடுத்துத் தங்கலாம். தொடர் ஓடி முடிகிற வரை இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் 16 எபிசோட் வரை மூச்சு விடவில்லை. 'ஃபால் அவுட்' டைட்டிலில்தான் முதல் முறையாக ஊர் பெயரையும் அவர் பெயரையும் போட்டு நன்றி சொன்னார்கள். அந்தத் திருத்தத்தை மட்டுமாவது வரும் ஞாயிறு போட்டுவிடுங்கள், சின்ன எழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
பழைய கன்டினியூட்டி ஆள்,
வடபழனி, சென்னை.