காயாத வார்னிஷ்: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், தூத்துக்குடி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: அரை லிட்டர் மர வார்னிஷ் காயாதது குறித்துப் புகார்.

ஐயா / அம்மா,

வணக்கம். ஒரு காலத்தில் எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போன பாய்மரத் தோணியின் மாதிரி ஒன்றைத் தேக்கில் செய்திருக்கிறேன். நீளம் இரண்டரை அடி. பலகை ஒவ்வொன்றும் 2 மி.மீ. கனம்தான். ஏழு மாத வேலை. அதன் மேல் பூசத்தான் போன மாதம் உங்கள் வார்னிஷை வாங்கினேன்.

120, 220, 320 என்று வரிசையாக உப்புத்தாள் போட்டேன். தேக்கில் எண்ணெய் உண்டு என்பதால் தின்னரில் துணி நனைத்துத் துடைத்தேன். முதல் கோட்டுக்கு டப்பாவில் சொன்ன அளவு டர்பன்டைன் கலந்தேன். 8 மணி நேரத்தில் அடுத்த கோட் போடலாம் என்று அச்சடித்திருக்கிறீர்கள். நான் ஒரு முழு நாள் விட்டேன். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. இரண்டாவது கோட் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால், பாலாடை சுருங்கின மாதிரி அணியம் (தோணியின் முன்பக்கம்) முழுக்கச் சுருக்கம். மேலே தோல் கட்டியிருக்கிறது, உள்ளே பச்சையாகவே இருக்கிறது. இன்றோடு பன்னிரண்டு நாள். கட்டைவிரலை வைத்தால் இன்னும் ரேகை பதிகிறது.

உங்கள் சேவை எண்ணில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். முதலில் மழை ஈரமாக இருக்கும் என்றார். ஆனி மாதத் தூத்துக்குடியில் மழைக்கு எங்கே போவது? அப்புறம் தேக்கு எண்ணெய்தான் காரணம் என்றார். சரி, பார்த்துவிடுவோம் என்று இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்தேன். ஒன்றில் இந்த டப்பா வார்னிஷ். மற்றதில் போன வருடம் வாங்கி மிச்சம் வைத்திருந்த உங்கள் அதே வார்னிஷ். பழையது மறுநாளே காய்ந்து நகத்தால் கீறினாலும் அசையவில்லை. புதியது நான்காம் நாளும் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. கண்ணாடியில் ஏது தேக்கு எண்ணெய்?

இன்னொன்று. டப்பாவில் தயாரிப்பு மாதம் இருக்கவேண்டிய இடத்தில் விலைச் சீட்டு ஒட்டியிருக்கிறது. உரித்தால் அடியிலிருந்த அச்சும் கூடவே வந்துவிட்டது. ஒட்டியது நீங்களா கடைக்காரரா, எனக்குத் தெரியாது. விசாரித்துச் சொல்லவேண்டியது நீங்கள்.

டப்பாவின் விலை 460 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். மாற்று டப்பா வேண்டாம். கூலி எதுவும் கேட்கவில்லை. அதற்குக் கணக்குப் போட்டால் உங்களுக்கும் கட்டாது. ஆனால் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். பூசியதைப் பெயின்ட் ரிமூவர் போட்டு எடுத்தால் பலகை இணைப்புகளில் வைத்த பசை தாங்குமா? தாங்காது என்றால் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவதுதான் வழி. 2 மி.மீ. பலகையில் அதை எவ்வளவு தூரம் செய்யமுடியும் என்று உங்கள் தொழில்நுட்ப ஆட்களுக்கே தெரியும்.

ரசீது நகலும் இரண்டு கண்ணாடித் துண்டுகளின் படங்களும் இணைத்துள்ளேன். மீதி வார்னிஷை மூடி இறுக்கி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் மாதிரி எடுத்துக்கொள்ளலாம். பதில் வரும்வரை தோணியில் கை வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்