மாவுக்கடை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஊரடங்கில் ஊருக்குப் போக அனுமதி தரும் இ-பாஸ் வந்துவிட்டது. நாளை விடியற்காலை அறைத்தோழர்கள் மூன்று பேரும் ஒரே காரில் தெற்கே கிளம்புகிறோம். பெட்டி கட்டுவதற்கு முன்னால் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஊருக்குப் போய் அம்மா கையால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டால் அப்புறம் எழுத்தாவது ஒன்றாவது.

2020 மார்ச் 24 ராத்திரி கொரோனா ஊரடங்கு வந்த பிறகு என்ன ஆனது என்று காலாப்பட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று மட்டும். காலாப்பட்டு புதுச்சேரிதான்; ஆனால் புதுச்சேரி டவுனுக்குப் போக நடுவில் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும். தடுப்பு வைத்ததும் இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டோம்.

மெஸ் மூடியது. அதோடு வேளை என்பதும் போய்விட்டது. ராத்திரி மூன்று மணி வரை போன், மதியம் எழுந்திருப்பது, இரண்டு மணிக்கு முதல் வாய், அதுவும் நூடுல்ஸ். அப்புறம் கடுங்காப்பி, பிஸ்கட், மிக்சர், நடுராத்திரி மறுபடி நூடுல்ஸ். பசிக்கிறதா, போரடிக்கிறதா என்றே தெரியாமல் கை பாக்கெட்டுக்குப் போகும். உணவு அறிவியல் படிக்கும் அறைத்தோழன், “ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழேதான் உப்பு சேர்க்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது” என்று பாடம் நடத்துவான், மிக்சர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு. படித்தவன், படிக்காதவன் வித்தியாசம் இல்லாமல் மூன்று பேருக்கும் நெஞ்செரிச்சல்.

எதிர்வீட்டு அக்கா முனையில் இட்லிக்கடை போட்டிருந்தவர். கடை மூடியதும் வீட்டிலேயே மாவு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அவரோடு அதுவரை எங்களுக்குப் பேச்சே கிடையாது. ஒரு நாள் கீழேயிருந்து குரல் வந்தது: “இன்னா தம்பி, ஊரே மத்தியான சோறு துன்ற நேரத்துல பல்லு வெளக்கினு நிக்கிறீங்க?” சாயந்திரம் படிக்கட்டில் ஒரு தூக்கு நிறைய மாவு இருந்தது.

“பிரிட்ஜ் கீதா?”

“இல்லக்கா.”

“அப்போ காலைல ஒம்போதுக்குள்ள சுட்டுடணும். வெயில் ஏறிச்சின்னா பொங்கிப் புளிச்சிடும். புளிக்க உட்டுட்டு வந்து நின்னீங்கன்னா அடுத்த தூக்கு கெடையாது.”

அவ்வளவுதான். வேறு ஒரு புத்திமதியும் சொல்லவில்லை.

சித்திரை வெயிலில் மாவு காத்திருக்காது. முக்கால் தூக்கு ஊற்றிக் கொடுத்தது காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். எட்டு மணிக்கு எழுந்தே தீர வேண்டும். எட்டுக்கு எழுவதற்குப் பன்னிரண்டுக்குள் படுக்க வேண்டும். படுத்துவிட்டால் நடுராத்திரி நூடுல்ஸ் ஏது? நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள் என்று இந்த இரண்டு மாதத்தில் எங்களுக்கு வராத வாட்ஸாப் இல்லை, கேட்காத இணையவழிக் கருத்தரங்கு இல்லை. எதுவும் ஏறவில்லை. புளித்துவிடுமே என்ற பயம்தான் ஏறியது.

முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்க்கச் சொன்னதும் அக்காதான், தெருவில் நின்றபடியே. அறைத்தோழன் குஷியாகிவிட்டான். அரிசியில் லைசின் குறைவு, அதை உளுந்து ஈடுகட்டும். மாவு புளிக்கும்போது ஃபைடிக் அமிலம் குறைவதால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்று அக்காவிடமே விளக்கினான். “அது கெடக்கட்டும், தூக்கக் கழுவினியா?” என்றார்.

காசு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சும்மா கொடுத்திருந்தால் இரண்டாம் முறை வாங்க எங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அது அவருக்குத் தெரியும். அரிசிக்கும் உளுந்துக்கும் மட்டும் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டார். அரைத்த கூலி, கரண்ட் எதையும் சேர்க்கவில்லை. கடை மூடிக் கிடந்தவர் அவர், வீட்டிலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது எங்களுக்கு. இதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

மற்றவர்களையும் விட்டுவிட முடியாது. வாடகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற வீட்டுக்கார ஐயா, கடன் சொன்னபோது முகம் சுளிக்காத மளிகைக்கடை அண்ணன், ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் “சாப்பிட்டாயா” என்று மட்டும் போன் செய்த பேராசிரியர், காய்கறிப் பை கொண்டுவந்து கொடுத்த தன்னார்வத் தம்பிகள், கடலுக்குப் போக முடியாமல் வலை காய்ந்துகொண்டிருந்த நேரத்திலும் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பிய பிள்ளைச்சாவடி நண்பன் வீட்டார், இ-பாஸ் விண்ணப்பத்தை மூன்று பேருக்கும் சரியாகப் போட்டுக் கொடுத்த சீனியர் அக்கா. எல்லோருக்கும் எங்கள் நன்றி.

மாவுக்கடை அக்காவுக்கு ஒன்று. எங்கள் ஊர் விளாத்திகுளம் பக்கம், கரிசல் காடு. புரட்டாசி, ஐப்பசியில் அப்பா உளுந்து விதைப்பார், தையில் கைக்கு வரும். கல்லூரி எப்போது திறந்தாலும் சரி, தை கழிந்து வரும்போது ஒரு மூட்டை உங்கள் வாசலில் இறங்கும். தோல் உளுந்துதான், ஊறவைத்துத் தோல் கழுவும் வேலையை நாங்கள் செய்து தருகிறோம். விலை கேட்பீர்கள் என்று தெரியும். வண்டிச் சத்தம் மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.