ஒல்லியா இருந்தாலும் சீனி வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கட சுகாதாரப் பக்கத்தில சீனி வருத்தம் பற்றி எழுதியிருந்தீங்கள், நல்லம், ஆனா படம் வழமை மாதிரி பெல்ட்டுக்கு மேலால தொங்குற ஒரு வண்டிதான். அதைப் பாத்துத்தான் இதை எழுதுறன்.

நான் சின்னனில இருந்தே மொத்தம், தம்பி ஈர்க்கு. ரெண்டு பேரும் அம்மா சமைச்ச ஒரே சோத்தைத்தான் திண்டம். கலியாண வீடுகளில மாமிமார் என்ட இலையையே பாத்துக்கொண்டிருப்பினம், "பிள்ளை, அப்பாக்குச் சீனி, நீ கவனம்" எண்டு, தம்பிக்கு மட்டும் ரெண்டாந்தரமும் பாயாசம் போகும். கடைசியில 38 வயசில சீனி வந்தது அவனுக்கு. ராவில நாலு தரம் எழும்பிப் போவான், போத்தல் போத்தலாத் தண்ணி குடிப்பான், நாங்கள் கொழும்பு வெக்கை எண்டு விட்டிட்டம். எனக்கு 44, போன மாசம் வெறும் வயித்தில குடுத்த ரத்தம் நோர்மல்.

பிறகுதான் தேடித்தேடி வாசிச்சன். உடம்பு வைக்கிற ஜீனும் சீனி வாற ஜீனும் எல்லாம் ஒண்டில்லை. 2007ல தெரிய வந்த எஃப்டிஓ பசியோட விளையாடுற ஜீன், அதின்ட கெட்ட வகையை அம்மாட்டயும் அப்பாட்டயும் வாங்கினவை, ஒண்டும் வாங்காதவையை விட சராசரியா 3 கிலோ கூட. மூண்டே மூண்டு கிலோ! (என்ட மிச்சக் கிலோக்களுக்கு வேற நூற்றுக்கணக்கான ஜீனும், வெள்ளவத்தை ரோல்ஸும் பதில் சொல்லோணும்.) சீனிப் பக்கம் பெரிய ஆள் 2006ல தெரிய வந்த டிசிஎஃப்7எல்2 எண்ட ஜீன், அதின்ட கெட்ட வகை கணையம் இன்சுலின் விடுறதைக் குறைக்கிறது, அதுக்கு வண்டி தேவையில்லை.

அதோட எங்கட தெற்காசிய உடம்பு கை கால் மெலிஞ்சிருக்க, கொழுப்பை வயித்துக்குள்ள ஒளிச்சு வைக்கும். அதாலதான் எங்களுக்கு இடுப்பளவு ஆம்பிளைக்கு 90 சென்ரிமீற்றர், பொம்பிளைக்கு 80 எண்டு எல்லை வைச்சிருக்கினம். தம்பிக்கு இஞ்சி ரேப் பிடிச்சுப் பாத்தா 94, சேர்ட்டை வெளியில விட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

இன்னொரு கூட்டம் இருக்கு, "பரம்பரை, என்ன செய்யிறது" எண்டு சொல்லிக்கொண்டே பிளேன்டீக்கு மூண்டு கரண்டி சீனி போடுற கூட்டம், எங்கட சித்தப்பா அதுக்குத் தலைவர். அமெரிக்காவில சீனி வாற விளிம்பில நிண்ட ஆக்களை கிழமைக்கு 150 நிமிசம் நடக்க வைச்சு, கொஞ்சம் நிறை குறைக்க வைச்சுப் பாத்தவை, வருத்தம் வாறது 58 வீதம் குறைஞ்சது, 2002ல வந்த முடிவு. பிறகு ஜீனையும் பாத்தா, டிசிஎஃப்7எல்2 கெட்ட வகை ரெண்டு பக்கத்தாலயும் கிடைச்ச ஆக்களுக்கும் அது வேலை செய்திருக்கு. தம்பி இப்ப பின்னேரத்தில கடற்கரைப் பக்கம் நடக்கிறான், குளிசையும் போடுறான். சித்தப்பாவைத்தான் கதிரையை விட்டு எழுப்பேலாமக் கிடக்கு.

அடுத்தமுறை அந்த வண்டிப் படத்தை விட்டிட்டு ஒரு ஒல்லி ஆளின்ட இடுப்பில ரேப் பிடிக்கிற படம் போடுங்கோ. ஆள் கிடைக்காட்டி தம்பி நிக்க ரெடியாம், முகத்தை மட்டும் மறைக்கோணுமாம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருத்தி
கொழும்பு 06